ஆரோக்கியமான இதய வால்வுக்கு ஒரே உருவமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே என்று துணிந்து எழுதுகிறேன். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பணி ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பாதி பேரன் பேத்திகளின் படம். மீதி பாதி எக்கோ ரிப்போர்ட்! "சார், வால்வு லேசாகத் துருத்துகிறதாம், பயமா?" "பெரியப்பா, டிரிவியல் லீக் என்று போட்டிருக்கிறார்கள், ஆபரேஷன் வேண்டுமா?" நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்து, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் சொல்லிக் கொடுத்தவன். ரிப்போர்ட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வரலாறு சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய பாடம். இதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். வலப்பக்கம் இரண்டு மேல் கீழ் அறைகளுக்கு நடுவே மூவிதழ் வால்வு. இடப்பக்கம் ஈரிதழ் வால்வு, அதாவது மிட்ரல். நுரையீரலுக்குப் போகும் தமனியின் வாயிலில் ஒன்று, மகாதமனியின் வாயிலில் ஒன்று. இந்தக் கடைசி இரண்டும் அரைச்சந்திர வால்வுகள். நான்குக்கும் வேலை ஒன்றுதான்: ரத்தத்தை முன்னே போகவிட வேண்டும், திரும்பி வரவிடக் கூடாது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1 லட்சத்து 3 ஆயிரத்து 680 தடவை திறந்து மூட வேண்டும். நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் ஃபுட் வால்வு இரண்டு வருஷம் தாங்கினாலே நாம் கடைக்காரரை வாழ்த்துகிறோம்.

பாடப் புத்தகத்தில் இந்த வால்வுகளின் படம் அழகாக இருக்கும். மூன்று இதழ் என்றால் மூன்றும் சம அளவு. இரண்டு இதழ் என்றால் நேர்த்தியாக இரண்டு. படம் புரிவதற்காகப் போட்டது. அந்தப் படத்தைப் போலவே ஒவ்வொருவர் இதயமும் இருக்க வேண்டும் என்று எண்ணினால்தான் சிக்கல். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, எப்படி உடைந்தது, நடுவில் எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியது என்பதுதான் இன்றைய கதை.

கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் எராசிஸ்ட்ராடஸ் என்ற கிரேக்க மருத்துவர் இதய வால்வுகளைப் பார்த்து, இவை ஒருவழிக் கதவுகள் என்று சொல்லிவிட்டார். பிறகு வெகுகாலம் பெரிய முன்னேற்றம் இல்லை. 1513ஆம் ஆண்டை ஒட்டி லியனார்டோ டா வின்சி மகாதமனி வால்வைக் கையில் எடுத்தார். மோனலிசா வரைந்த அதே மனிதர்தான். மாட்டின் இதயத்தை அறுத்துப் பார்த்தார். கண்ணாடியில் மகாதமனியின் மாதிரி செய்து, தண்ணீரில் புல் விதைகளைத் தூவி ஓடவிட்டு, வால்வின் பின்னால் நீர் சுழல்வதைக் கவனித்தார். அந்தச் சுழல்தான் இதழ்களை மூட உதவுகிறது என்று எழுதினார். 1968ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் சோதனை செய்து, அவர் சொன்னது சரி என்று காட்டினார்கள். அதற்குள் நானூற்று ஐம்பது வருஷம் ஓடிவிட்டது!

லியனார்டோ ஒரு கணக்கும் போட்டார். ஒரு வட்ட வாயிலை அடைக்க மூன்று இதழ் ஏன், நான்கு ஏன் இல்லை என்று வடிவியல் மூலம் காரணம் தேடினார். கணக்கு அழகானது. ஆனால் கணக்கு அழகாக இருந்தால் இயற்கையும் அப்படியே ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கை நமக்குள் நுழைந்துவிடுகிறது.

1543ல் வெசாலியஸ் உடற்கூறியல் பெரும் நூலை வெளியிட்டார். இடப்பக்க வால்வைப் பார்த்ததும் அவருக்குக் கத்தோலிக்க ஆயர் அணியும் உயரமான கூர்முனைத் தொப்பி நினைவுக்கு வந்தது. அந்தத் தொப்பிக்கு மைட்டர் என்று பெயர். மிட்ரல் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பூந்தமல்லி குருமடத்தில் விசேஷ நாளில் ஆயர் வரும்போது பார்த்தவர்களுக்கு உருவம் உடனே புரியும்: முன்னால் ஒரு மடல், பின்னால் ஒரு மடல், இரண்டும் உச்சியில் கூடுகின்றன. நல்ல உவமை. ஆனால் ஒரு பெயர் நிலைத்துவிட்டால் பிறகு கண் அந்தப் பெயரைத்தான் பார்க்கும்.

உண்மையில் எண்ணிப் பார்த்தபோது என்ன தெரிந்தது?

1970ல் கனடாவின் டொரண்டோவில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர் ரங்கநாதன். மற்றவர்கள் லாம், விகிள், சில்வர். நோய் இல்லாத 50 மிட்ரல் வால்வுகளை எடுத்து இழை இழையாகப் பார்த்து எழுதினார்கள். பின் மடல் ஒரே துண்டு இல்லை, சேலை ஓரத்து வளைவு வேலைப்பாடு போலப் பிரிந்திருக்கிறது. 50ல் 46 வால்வுகளில் மூன்று வளைவுகள். மீதி 4 வேறு மாதிரி. அந்த நான்கும் நோயுற்றவை இல்லை, அவையும் நல்ல வால்வுகளே. இதழைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாண்களையும் எண்ணினார்கள். குடைக் கம்பி போல இதழ் மறுபக்கம் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இவை. ஒரு வால்வுக்குச் சராசரியாக 25. சராசரி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கூடவும் இருக்கும், குறையவும் இருக்கும்.

1977ல் ஆம்ஸ்டர்டாமில் 200 இதயங்களில் மகாதமனி வால்வை அளந்தார்கள். மூன்று இதழும் சரிசமமாக இருந்தவை மிக அரிது. ஏதாவது ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சற்றுச் சிறிது. புத்தகப் படத்தில் இருப்பதுதான் அபூர்வம்!

மூவிதழ் வால்வின் கதை இன்னும் வேடிக்கை. பெயரிலேயே மூன்று இருக்கிறது. போலந்து நாட்டின் கிராகோவ் நகரில் நோயற்ற இதயங்களை ஆராய்ந்தவர்கள், சுமார் பத்தில் நான்கு இதயங்களில் நான்கு இதழ்களைக் கண்டார்கள். 2021ல் மருத்துவர்கள் கூடி, இரண்டிதழ், மூன்றிதழ், நான்கிதழ், அதற்கும் மேல் என்று இந்த வால்வை வகைப்படுத்த ஒரு முறையே வகுத்தார்கள். பெயர் மட்டும் இன்னும் மூவிதழ் வால்வுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையிலும் குவாலிட்டி பிரிவிலும் இருக்கும் என் மாணவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டிராயிங்கில் ஒரு அளவு போட்டால் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் என்று டாலரன்ஸ் போடுவார்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் பாகம் பாஸ். டாலரன்ஸ் போடாத டிராயிங்கை வைத்துக்கொண்டு சோதித்தால் நல்ல பாகமெல்லாம் ரிஜெக்ட் ஆகிவிடும். மனித இதயத்துக்கு ஒரு காலத்தில் அதுதான் நடந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

1953ல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இருந்து கருவி ஒன்றை இரவல் வாங்கினார்கள். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று கேளா ஒலியால் பார்க்கும் கருவி. அதை மனிதர் மார்பில் வைத்து, துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். இன்று நாம் சொல்லும் எக்கோ அப்படிப் பிறந்தது. அதுவரை இறந்தவர் இதயத்தில் மட்டுமே பார்க்க முடிந்த வால்வை, உயிரோடு இருப்பவரிடம் கத்தியில்லாமல் பார்க்க வழி கிடைத்தது.

1963ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பார்லோ என்ற மருத்துவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். சிலருக்கு ஸ்டெதஸ்கோப்பில் 'டிக்' என்று ஒரு ஒலியும் அதன்பின் லேசான முணுமுணுப்பும் கேட்கும். அது இதயத்துக்கு வெளியே வரும் சத்தம் என்று ஒதுக்கியிருந்தார்கள். இல்லை, மிட்ரல் இதழ் மேல் அறைப் பக்கம் துருத்துவதால் வருவது என்று பார்லோ நிரூபித்தார். 1966ல் அதற்கு 'புரோலாப்ஸ்' என்ற பெயர் வந்தது. ரிப்போர்ட்டில் எம்.வி.பி. என்று போடுவது இதைத்தான். கண்டுபிடிப்பு உண்மையானது. தீவிரமாக இருந்தால் சிகிச்சை தேவைப்படும் நிலையும் கூட.

பிறகு எக்கோ பரவியது. 1970களிலும் 80களிலும் விதி எளிமையாக இருந்தது: வால்வின் வளையத்தில் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போடு, இதழ் அந்தக் கோட்டைத் தாண்டினால் புரோலாப்ஸ். இந்த விதியை வைத்துக்கொண்டு பார்த்தபோது, எந்தத் தொந்தரவும் இல்லாத இளைஞர்களிலும் பள்ளிப் பிள்ளைகளிலும் கூட நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 'நோயாளி' ஆனதாகச் சில ஆய்வுகள் சொல்லின. ஓடியாடித் திரிந்த பிள்ளைகள்!

பாஸ்டன் நகரில் லெவின் என்ற மருத்துவர் இதை நம்பவில்லை. இத்தனை நல்ல மனிதர்களுக்கு வால்வு கெட்டிருக்க முடியுமா? இல்லை, நம் அளவுகோல் கெட்டிருக்கிறதா? 1987லும் 1989லும் அவர் குழு வெளியிட்ட ஆய்வுகள் விடை சொல்லின. மிட்ரல் வளையம் தட்டையான வளையல் இல்லை. குதிரைச் சேணம் போல வளைந்தது. சேணம் பார்க்காதவர்கள் எண்ணெயில் போட்டதும் வளைந்துகொள்ளும் அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரான இரண்டு ஓரம் தூக்கியிருக்கும், மற்ற இரண்டு ஓரம் தாழ்ந்திருக்கும். தூக்கிய ஓரங்களின் வழியாகப் பார்த்தால் நடுப்பகுதி பள்ளம். தாழ்ந்த ஓரங்களின் வழியாகப் பார்த்தால் அதே நடுப்பகுதி மேடு. அப்பளம் ஒன்றுதான், பார்த்த திசை வேறு. மார்பின் கீழ்ப்பக்கம் இருந்து எக்கோ எடுக்கும் ஒரு கோணத்தில் தாழ்ந்த ஓரங்கள்தான் படத்தில் விழும். அந்தக் கோணத்தில் கோடு போட்டால், ஆரோக்கியமான இதழும் கோட்டைத் தாண்டியதாகவே தெரியும்.

விதி திருத்தப்பட்டது. சரியான கோணத்தில் பார்க்க வேண்டும், குறைந்தது 2 மில்லிமீட்டர் தாண்டியிருக்க வேண்டும் என்று வந்தது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஒரு ஊர். 1948 முதல் அந்த ஊர் மக்களின் இதய நலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்து வருகிறார்கள். அங்கே 1999ல் புதிய விதிப்படி 3,491 பேரைப் பார்த்தார்கள். புரோலாப்ஸ் இருந்தவர்கள் 2.4 சதவீதம் மட்டுமே. அவர்களிலும் இதயச் செயலிழப்பு, பக்கவாதம் போன்றவை மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. பத்துக்கு மேல் என்றது இரண்டரைக்கும் கீழே வந்துவிட்டது. மக்களின் இதயம் மாறவில்லை. அளவுகோல் மாறியது.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், திருமுல்லைவாயலில் இருக்கும் என் மாணவர் ஒருவரின் மகள் 400 மீட்டர் ஓடுவாள். மண்டலப் போட்டி வரை போனவள். ஒரு முகாமில் எக்கோ எடுத்தார்கள். 'லேசான எம்.வி.பி., டிரிவியல் எம்.ஆர்.' என்று ஒரு வரி. யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை. அன்றோடு ஸ்பைக்ஸ் பரணுக்குப் போனது. பாட்டி குடத்தைத் தூக்கவிடவில்லை. "வெளியே சொல்லாதே, நாளைக்கு வரன் பார்க்கும்போது பிரச்னை" என்று அந்தத் தாள் பீரோவில் துணிக்கு அடியில் போனது. இரண்டு வருஷம். பிறகு ஒரு மூத்த இதய மருத்துவர் மறுபடி எக்கோ பார்த்துவிட்டு, "வால்வு நன்றாக இருக்கிறது, ஓடட்டும்" என்றார். அதற்குள் அவள் பதினாறு வயதைத் தாண்டிவிட்டாள். அவள் வயதுப் பிள்ளைகள் மாவட்டம் தாண்டி மாநிலப் போட்டிக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு இதயத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

'டிரிவியல்' என்ற சொல்லுக்கு அற்பம், பொருட்படுத்த வேண்டாதது என்று பொருள். 1980களில் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளர் வந்தபோது, நலமாக இருப்பவர்களில் மிகப் பலருக்கு மூவிதழ் வால்விலும் மிட்ரலிலும் ஒரு துளி பின்னே கசிவது தெரிந்தது. கதவு மூடும்போது உள்ளே வரும் சிறு காற்று மாதிரி. கருவி கூர்மையாகிவிட்டது, அவ்வளவுதான். டெக்னீசியன் கண்ணில் பட்டதை நேர்மையாக எழுதுகிறார். எழுதியதெல்லாம் நோய் என்று நாம் படித்துக்கொள்கிறோம்.

இப்போது மறுபக்கம். இதையும் கவனமாகப் படியுங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள். எல்லா வித்தியாசமும் ஒரே தரத்தில் இல்லை.

நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு மகாதமனி வால்வில் மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ் மட்டும் பிறவியிலேயே இருக்கும். ஆண்களில் அதிகம். ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1886லேயே இதைப் பற்றி எழுதி, இத்தகைய வால்வில் கிருமித் தொற்று எளிதில் பற்றுகிறது என்று எச்சரித்தார். இவர்களில் பலர் பல பத்தாண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆனால் நடுவயதுக்குப் பிறகு வால்வு தடித்துச் சுருங்கலாம், கசியலாம், மகாதமனி விரியலாம். அதனால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்கோ எடுத்தே ஆக வேண்டும். குடும்ப வழியிலும் வரும் என்பதால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. "பைகஸ்பிட்" என்று ரிப்போர்ட்டில் இருந்தால், என் இந்தப் பதிவைக் காட்டி "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று, நம் நாட்டின் துயரம். ஓடும் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வரும். அதில் ஒருவகைக் கிருமிக்குப் பிறகு சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். நல்ல உருவத்தோடு பிறந்த மிட்ரல் வால்வின் இதழ்களை அது ஒட்ட வைத்து, மீன் வாய் போலச் சுருக்கிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்காக அரை நாள் விடுப்புக் கேட்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஊசி எத்தனை வால்வுகளைக் காப்பாற்றியிருக்கும்! பிறவியில் வந்த வித்தியாசம் வேறு, நோய் வந்து மாற்றிய உருவம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்வதற்குத்தான் மருத்துவர் இருக்கிறார்.

கெட்டுப்போன வால்வை மாற்ற வந்தவர்களும் இதே பாடத்தைத்தான் கற்றார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் பொறியாளர் புவனேஷ்வரும் வெளிநாட்டு வால்வின் விலை நம் ஏழைகளுக்குக் கட்டாது என்று சொந்தமாக ஒன்று செய்ய முனைந்தார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது தேறியது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் சித்ரா வால்வு ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நம் சென்னை டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்தது. இன்றுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். அது பார்க்க எப்படி இருக்கும் தெரியுமா? இதழே கிடையாது. ஒரு உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து நிமிரும் ஒரு பிளாஸ்டிக் தட்டு! இயற்கையின் உருவத்தில் ஒரு துளியும் இல்லை, ஆனால் வேலையைச் செய்கிறது. அதிலும் ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது. செயற்கை வால்வுகள் 19, 21, 23 என்று இரண்டிரண்டு மில்லிமீட்டராகக் கூடும் அளவுகளில் வரும். அறுவை மேசையில் வளையத்தை அளந்துதான் எடுப்பார்கள்.

பாரிசில் கார்பென்டியர் என்ற அறுவை நிபுணர், கிழிந்த மிட்ரல் வால்வை மாற்றாமல் தைத்துச் சரிசெய்வதில் முன்னோடி. 1983ல் அவர் எழுதியதன் சாரம் இது: வால்வைப் புத்தகப் படம் போல ஆக்குவது நோக்கமில்லை, அது ஒழுங்காக வேலை செய்யும்படி ஆக்குவதே நோக்கம்.

முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் வந்ததில் இருந்து நம் பகுதி ஆட்களுக்கு இதய மருத்துவம் பஸ் தூரத்தில் கிடைத்தது. அதற்கு முன் எழும்பூர், சென்ட்ரல் பக்கம் போக வேண்டும். இப்போது தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர். பரிசோதனை எளிதாகக் கிடைக்கிறது, விளக்கம்தான் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள்.

எக்கோ எடுத்தால் அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இது இயல்பான வித்தியாசமா, நோயா? இரண்டு, பிள்ளை ஓடலாமா, விளையாடலாமா, வேலை செய்யலாமா? மூன்று, மறுபடி எப்போது பார்க்க வேண்டும், அல்லது பார்க்கவே வேண்டாமா? பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மூச்சு வாங்கல், மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு இருந்தால் எந்தப் பதிவையும் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். வீட்டில் பெண் பிள்ளையின் ரிப்போர்ட்டை வரனுக்குப் பயந்து ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்தால் நல்ல வால்வும் நோயாகிவிடுகிறது, கவனிக்க வேண்டிய வால்வும் கவனிக்கப்படாமல் போகிறது.

நம் பள்ளியில் படித்து இன்று நர்சாகவும் எக்கோ டெக்னீசியனாகவும் டாக்டராகவும் இருக்கும் பிள்ளைகள் இந்தப் பதிவில் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். நான்கு இதழ் வால்வைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள், எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்